வெள்ளிக்கிழமை விளக்குமாறு

உங்கள் புரோகிராமை யாராவது புகழ்ந்தால் உடனே பூரித்துப்போய் நன்றி சொல்லிவிடாதீர்கள். எதற்காகப் புகழ்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். முப்பது வருஷம் இந்தத் தொழிலில் குப்பை கொட்டியவள் சொல்கிறேன். திட்டு வந்தால் பயமில்லை, உட்கார்ந்து திருத்திவிடலாம். பாராட்டு வந்த ஒரு புதன்கிழமைதான் என்னை ஆஸ்பத்திரிக்கு ஓட வைத்தது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் போனில் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். ஜாவா மொழியில் ஒரு கிளாஸுக்குள், அதாவது ஒரு புரோகிராம் துண்டுக்குள், இன்னொரு கிளாஸ் எழுதுகிறோம். வெளி கிளாஸ் தன் முன்னோர் கிளாஸிடமிருந்து பெற்ற மெத்தடை, அதாவது ஒரு கட்டளையை, உள் கிளாஸிலிருந்து கூப்பிட வேண்டும். வெறும் பெயரைச் சொன்னால் போதுமா, முழுசாக எழுத வேண்டுமா என்பது சந்தேகம். புத்தகத்தைத் திறந்தால் இரண்டு வரியில் பதில் இருக்கிறது. நானும் அந்த இரண்டு வரியைப் படித்தவள்தான். படித்தும் ஒரு பிரசவக்காரியின் உயிரோடு விளையாடியிருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு நாலு வருஷம் முன்னால் நடந்தது. எங்கள் கம்பெனி உழவர்கரையில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல்மாடி. மொத்தம் எட்டுப் பேர். முதலாளியை நாங்கள் பிரெஞ்சு மரியாதையில் ‘முசே’ என்றுதான் கூப்பிடுவோம். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்; இவர் பாரிசில் படித்துவிட்டு, அங்கே குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லித் திரும்பி வந்து கம்பெனி ஆரம்பித்தார். நல்ல மனுஷன். சம்பளம் ஒரு நாள் தள்ளாது.

ரத்த வங்கி ஃபிரிட்ஜைக் கண்காணிக்கிற சாஃப்ட்வேர் ஒன்று செய்தோம். ரத்தப் பையை இரண்டு டிகிரிக்கும் ஆறு டிகிரிக்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும். ஆறைத் தாண்டிக் கொஞ்ச நேரம் போனால் அது கெட்டிருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கெட்ட ரத்தத்தை ஏற்றினால் ஆள் பிழைப்பது கஷ்டம். எங்கள் சாஃப்ட்வேர் நிமிஷத்துக்கு ஒரு தடவை ஃபிரிட்ஜின் சூட்டைப் படித்துத் திரையில் காட்டும். ஆறைத் தாண்டினால் அலாரம் அடிக்கும். மறுபடி ஆறுக்குக் கீழே இறங்கியதும் அலாரத்தைத் தானே நிறுத்தும். அவ்வளவுதான் அதன் வேலை.

அதில் பாதியை எழுதியவன் செந்தில். என்னைவிட ஆறு வயது சின்னவன், என்னோடு பதினைந்து வருஷம் வேலை பார்த்தவன், லாஸ்பேட்டைக்காரன். வாயைத் திறக்க மாட்டான். எழுதும்போது மட்டும் எதையும் விடாமல் நீட்டி முழக்கி எழுதுவான். ஒரு தடவை அவன் எழுதியதை எல்லோர் முன்னாலும் திரையில் போட்டுவிட்டு, “ஏம்பா செந்திலு, உன் வூட்டு சமையக்கட்டுலேர்ந்து ஹாலுக்கு லெட்டர் போட்டாலும் பின்கோடு எழுதுவியா?” என்றேன். ஆபீசே சிரித்தது. முசே கூடச் சிரித்தார். செந்திலும் சிரித்தான். அதன் பிறகு ஒரு மாதம் அவன் பெயரே ‘பின்கோடு’தான்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. வாடிக்கையாளருக்குக் கொடுப்பதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து புரோகிராம் முழுவதையும் பெருக்கி எடுப்பேன். தேவையில்லாத வரி, நீளமான பெயர், ஒரே விஷயத்தை இரண்டு முறை சொல்வது எல்லாம் போய்விடும். நெல்லித்தோப்பில் எங்கள் தெருவே வெள்ளிக்கிழமை வீடு கழுவும். வேதக்காரக் குடும்பம், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், ஆனாலும் நாங்களும் கழுவுவோம். அந்தப் பழக்கம் ஆபீசுக்கும் வந்துவிட்டது. ‘அக்கா வெளக்கமாறு எடுத்துட்டாங்க’ என்று பசங்கள் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

அந்த ரத்த வங்கி சாஃப்ட்வேரையும் அப்படித்தான் பெருக்கினேன். வியாழக்கிழமை எல்லாச் சோதனையும் முடிந்து நன்றாக ஓடியது. வெள்ளிக்கிழமை விளக்குமாறு; அதற்குப் பிறகு மறுபடி சோதிக்கவில்லை. சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் பொருத்திவிட்டு வந்தோம். அங்கே ஏற்கெனவே சூட்டைக் குறித்துவைக்கிற ஒரு பழைய கருவி இருந்தது. வட்டக் காகிதத்தில் பேனா கோடு போட்டுக்கொண்டே போகும். “ரெண்டும் எதுக்கு, அதைக் கழட்டிடுங்க” என்று சொன்னதும் நான்தான்.

புதன்கிழமை காலை பத்து இருபதுக்குத் தனம் போன் செய்தாள். தனம் அந்த ரத்த வங்கியில் டெக்னீஷியன். லேபிள் பிரிண்டரில் காகிதம் சிக்குகிறது என்று சொல்லத்தான் கூப்பிட்டாள். அதற்கு வழி சொன்னேன். வைக்கப் போகும்போது சொன்னாள்:

“மத்தபடி உங்க ஸ்கிரீனு சூப்பரா இருக்குது மேடம். பழைய மிஷினு நாலரை, அஞ்சே கால்னு ஆடிக்கினே இருக்கும். உங்குளுது நேத்துலேர்ந்து அஞ்சு புள்ளி ஆறுலயே நிக்குது. ஒரு புள்ளி அசையல.”

எந்த ஃபிரிட்ஜும் அப்படி நிற்காது. கதவைத் திறந்தால் ஏறும், மோட்டார் ஓடினால் இறங்கும். அசையாமல் நிற்பது படம் மட்டும்தான்.

“நேத்து எப்பலேர்ந்து, தனம்?”

“மத்தியானம் மூணு மணி இருக்கும். கதவு சரியா சாத்தல, அலாரம் அடிச்சிச்சு. சாத்திட்டேன். தானா நிக்கும்னு சொன்னீங்கல்ல, நிக்கல. பட்டன அமுக்கி நிறுத்திட்டேன். அதுலேர்ந்து ஒரு தொந்தரவும் இல்ல.”

“உள்ள தெர்மாமீட்டர் இருக்குதே, அது என்ன காட்டுது? பாத்துச் சொல்லு.”

போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். “அஞ்சு மேடம்.”

“நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவ நோட்டுல எழுதுவீங்களே?”

“எழுதியிருக்குதே. அஞ்சு புள்ளி ஆறு, அஞ்சு புள்ளி ஆறு, அஞ்சு புள்ளி ஆறு. ஸ்கிரீன பாத்துத்தான எழுதுறோம் இப்ப.”

ஃபிரிட்ஜில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். பன்னிரண்டு மணி ஆபரேஷனுக்கு நாலு பை எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னாள். பி நெகட்டிவ். நிறைமாதப் பெண், நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பை வாயை அடைத்திருக்கிறது, அறுத்துத்தான் குழந்தையை எடுக்க வேண்டும், ரத்தம் நிறையப் போகும். அந்த நாலு பை சேர்க்கவே ஒரு வாரம் ஆயிற்றாம்.

“தனம், அந்தப் பையக் குடுக்காத. டாக்டர்கிட்ட சொல்லு.”

“நீங்களே சொல்லுங்க மேடம். நான் சொன்னா, கதவ சாத்தாம வுட்டது நீதானன்னு என்னத்தான் கேப்பாங்க.”

போனை வைத்துவிட்டுப் புரோகிராமைத் திறந்தேன். நிமிஷத்துக்கு ஒரு தடவை சூட்டைப் படிக்கிற வேலை உள் கிளாஸுடையது. அது டைமர் டாஸ்க் என்று ஜாவாவிலேயே இருக்கிற முன்னோரின் பிள்ளை. வெளி கிளாஸ், அதாவது BloodFridge, எங்கள் அலாரம் கிளாஸின் பிள்ளை. அலாரத்தை நிறுத்துகிற மெத்தடின் பெயர் கேன்சல். அதை வெளி கிளாஸ் தன் முன்னோரிடமிருந்து பெற்றிருந்தது. சூடு இறங்கியதும் உள் கிளாஸ் அதைக் கூப்பிட வேண்டும். செந்தில் இப்படி எழுதியிருந்தான்:

BloodFridge.this.cancel();

வெள்ளிக்கிழமை நான் பெருக்கியதில் மிஞ்சியது இது:

cancel();

டைமர் டாஸ்க்கிலும் கேன்சல் என்று ஒரு மெத்தட் இருக்கிறது. அதன் வேலை, அந்த டைமர் வேலையையே நிறுத்திவிடுவது.

மருமகளைப் பார்க்க அவளைப் பெற்றவள் வந்து, இருவரும் அறைக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். மருமகள் ‘அம்மா’ என்றே கூப்பிடும் மாமியார் ஹாலில் இருக்கிறாள். மருமகள் உள்ளேயிருந்து ‘அம்மா’ என்றால் பக்கத்தில் இருக்கிற பெற்றவள்தான் ‘என்னடி’ என்பாள். ஜாவாவும் அப்படித்தான். முதலில் உள் கிளாஸில் தேடும், அதன் முன்னோரிடம் தேடும், அங்கே அந்தப் பெயர் இருந்துவிட்டால் ஹால் பக்கமே எட்டிப் பார்க்காது. இரண்டு கேன்சலும் கேட்கிற விவரம் வேறுவேறாக இருந்திருந்தால் புரோகிராமைச் சரிபார்க்கிற கம்பைலராவது கத்தியிருக்கும். இரண்டுமே எந்த விவரமும் கேட்காதவை. அது வாயை மூடிக்கொண்டு போய்விட்டது.

ஆக, செவ்வாய்க்கிழமை மூணு மணிக்குச் சூடு ஐந்து புள்ளி ஆறுக்கு இறங்கியதும், அலாரத்தை நிறுத்துவதற்குப் பதிலாக எங்கள் சாஃப்ட்வேர் தன் கண்ணைத் தானே மூடிக்கொண்டது. கடைசியாகப் பார்த்த எண் மட்டும் திரையில் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு அந்த ஃபிரிட்ஜுக்கு என்ன ஆனது என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. முந்தின இரவு எங்கள் தெருவில் வெகு நேரம் கரண்ட் இல்லாதது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

செந்தில் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். ரத்த வங்கி டாக்டரைக் கேட்டேன். ரிசப்ஷன் பெண் “சாப்ட்வேர் விஷயமா?” என்று கேட்டு, டாக்டருக்குக் கொடுக்காமல் அவர்களுடைய கம்ப்யூட்டர் பிரிவுக்குக் கொடுத்துவிட்டாள். அங்கே இருந்தவர் நிதானமாகப் பார்த்துவிட்டு, “பச்சையாத்தான் காட்டுது மேடம். ப்ராப்ளம் ஒண்ணும் இல்ல,” என்றார். மறுபடி அடித்தேன். மறுபடியும் அவரேதான் எடுத்தார். அலாரத்தைக் கூப்பிட்டால் டைமர் எடுக்கிற கதை இங்கேயும்.

முசேயிடம் போனேன். முழுவதையும் கேட்டார்.

“உள்ள தெர்மாமீட்டர் அஞ்சு காட்டுதில்ல?”

“இப்ப அஞ்சு, முசே. ராத்திரி என்னன்னு யாருக்குத் தெரியும்?”

“கரண்ட் போனா ஆஸ்பத்திரில ஜெனரேட்டர் இருக்குது. ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லு, சரியாப் பூடும். நீ போயி எங்க தப்புன்னு சொன்னா, இன்னும் மூணு ஆஸ்பத்திரி பேசிக்கினு இருக்குதே, எல்லாம் போச்சு. எட்டுப் பேரும் வூட்டுக்குப் போக வேண்டியதுதான்.”

உங்களிடம் மறைக்கவில்லை. ஒரு நிமிஷம் அந்த யோசனை எனக்கும் பிடித்திருந்தது. ஜெனரேட்டர் ஓடியிருக்கும், ஃபிரிட்ஜ் குளிர்ந்தே இருந்திருக்கும், ரத்தம் நல்லாவே இருக்கும். நூற்றில் தொண்ணூறு அப்படித்தான் இருக்கும் என்று மனசு கணக்குப் போட்டது. மீதிப் பத்தில் ஒருத்தி படுத்திருக்கிறாள் என்பதும் அதே மனசுக்குத் தெரிந்தது. என்னைவிட முசே மோசமானவர் இல்லை. அவர் வாய்விட்டுச் சொன்னார், நான் உள்ளே நினைத்தேன்.

“நான் போறேன், முசே,” என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

செந்தில் அதற்குள் ஸ்கூட்டரை எடுத்துவிட்டான். இந்திரா காந்தி சிலை சிக்னலில் மாட்டினோம். அதைத் தாண்டி ரயில்வே கேட்டுக்கு வந்தால் கேட் மூடியிருக்கிறது. மணி பதினொன்று ஐந்து. தனத்துக்குப் போன் செய்தேன். “பைய ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பச் சொல்லி சீட்டு வந்துடுச்சு மேடம்,” என்றாள். “வந்துட்டேன், தனம். எதையாவது சொல்லி நிறுத்து. லேபிள் பிரிண்டர் ரிப்பேர்னு சொல்லு,” என்றேன். லேபிள் இல்லாமல் பை வெளியே போகக் கூடாது. காலையில் சிக்கிய காகிதம் அந்த நேரத்தில் எனக்குத் தெய்வமாகத் தெரிந்தது. ரயில் வருவதாகவே காணோம். இறங்கி ஓடிவிடலாமா என்று இரண்டு தடவை நினைத்தேன். செந்தில் திரும்பிப் பார்க்காமல் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

பதினொன்று முப்பதுக்கு ரத்த வங்கிக்குள் நுழைந்தேன். டாக்டரம்மா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். லேபிள் ஏன் வரவில்லை என்று தனத்தை விரட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும், அதிர்ந்து பேசாதவர். நான் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“நேத்து மூணு மணிலேர்ந்து இந்த நிமிஷம் வரைக்கும் இந்த ஃபிரிட்ஜ் ஆறத் தாண்டலன்னு எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா?”

“போட மாட்டேன், டாக்டர்.”

“தாண்டிச்சுன்னு போடுவீங்களா?”

“அதுவும் தெரியாது.”

“யாரு தப்பு இது? எங்க ஸ்டாஃப் எதாவது பண்ணாங்களா?”

தனம் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். கதவைச் சாத்தாமல் விட்டது அவள். அது தினமும் எல்லா ரத்த வங்கியிலும் நடப்பதுதான். “இல்ல டாக்டர். என் தப்பு. சரியா இருந்த வரிய நான்தான் கெடுத்தேன்,” என்றேன்.

அவர் போனை எடுத்து ஆபரேஷன் தியேட்டருக்குச் சொன்னார். அந்தப் பக்கம் கத்தியது எனக்கே கேட்டது. “தெரியுது சார். இந்த நாலு பை கெடையாது. மூணு மணி வரைக்கும் தள்ளுங்க,” என்று மட்டும் சொன்னார். சாயங்காலத்துக்கு மேல் தள்ள முடியாது, உதிரம் பட ஆரம்பித்துவிட்டது என்று அந்தப் பக்கம் சொன்னதும் கேட்டது. பிறகு கடலூர், விழுப்புரம் என்று வரிசையாகப் போன் போட ஆரம்பித்தார்.

நானும் செந்திலும் வராந்தாவில் நின்றோம். பெஞ்சில் அந்தப் பெண்ணின் புருஷன் உட்கார்ந்திருந்தார். மடியில் ஃபிளாஸ்க். என்னை ஆஸ்பத்திரி ஆள் என்று நினைத்துக்கொண்டு கேட்டார்.

“பன்னெண்டுன்னாங்க. ஏம்மா லேட்டாவுது?”

டாக்டரிடம் ஒப்புக்கொண்ட வாய் அவரிடம் திறக்கவில்லை. “டாக்டர் சொல்லுவாங்க,” என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தேன். அந்த வெட்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அவரை இப்போது பார்த்தாலும் எனக்குச் சொல்லத் தைரியம் வருமா என்று தெரியவில்லை.

இரண்டே முக்காலுக்கு ரத்தத்தோடு வண்டி வந்தது. இரண்டு பி நெகட்டிவ், யாருக்கும் ஏற்றக்கூடிய ஓ நெகட்டிவ் இரண்டு. நாலு மணிக்கு மேல் உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் வெளியே வந்து அந்த மனுஷனிடம் பெண் குழந்தை என்றாள். தாய்க்கு மூன்று பை ஏற்றினார்களாம். நல்லா இருக்கிறாள் என்றதும் நான் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

பழைய நாலு பையையும் தனம் கழிவுக் கவரில் போட்டுக் கட்டினாள். அவை கெட்டிருந்தனவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஜெனரேட்டர் நோட்டில் முந்தின இரவு கரண்ட் போன நேரம் இருந்தது. ரத்த வங்கி பிளக் ஜெனரேட்டரோடு இணைந்திருந்ததா என்று யாரும் எழுதவில்லை. ஒருவேளை அருமையான ரத்தமாகவே இருந்திருக்கும். நாலு பேர் கை நீட்டிக் கொடுத்ததை என் விளக்குமாறு குப்பையில் தள்ளியது. ஆஸ்பத்திரி எங்களை விரட்டவில்லை. பழைய பேனாக் கருவியையும் பக்கத்தில் ஓட விட வேண்டும் என்று சொல்லி வைத்துக்கொண்டது. மற்ற மூன்றில் இரண்டு ஆஸ்பத்திரி போய்விட்டது. முசே ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் மேசைமேல் ஒரு காப்பியை வைத்துவிட்டுப் போனார்.

கதை இதோடு முடிந்திருந்தால் புத்தகத்தில் உள்ள இரண்டு வரியை உங்களுக்கு நினைவூட்டிவிட்டுப் போயிருப்பேன். பெயர் உள் கிளாஸின் வம்சத்தில் இல்லாதவரை வெறுமனே கூப்பிடலாம். இருந்துவிட்டால் வெளி கிளாஸின் பெயரும் ‘திஸ்’ என்ற சொல்லும் போட்டுத்தான் கூப்பிட வேண்டும். சந்தேகம் இருந்தால் எப்போதும் போடுங்கள், நீளமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அந்தப் புதன்கிழமை சாயங்காலமே ஆஸ்பத்திரிக்கு எதிரில் டீ குடிக்கும்போது செந்தில் வாயைத் திறந்தான்.

“அக்கா, ஒண்ணு சொல்லணும். நான் வெள்ளிக்கெழமையே பாத்தேன்.”

“என்னத்த?”

“நீங்க அத எடுத்துட்டத. டைமர்லயும் கேன்சல் இருக்குதேன்னு தோணிச்சு.”

“அப்பவே ஏம்பா சொல்லல?”

அவன் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். “பின்கோடுன்னு மறுபடியும் எல்லாரும் சிரிப்பீங்க. எனக்கு எதுக்குன்னு வுட்டுட்டேன்.”

டாக்டரிடம் என் தப்பு என்று சொன்னபோது அந்த ஒரு வரியைத்தான் நினைத்துக்கொண்டு சொன்னேன். என் தப்பு அந்த வரிக்குப் பல மாதம் முன்னால், எல்லோரும் சிரித்த அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. சரியானதை அறிந்தவன் என் பக்கத்து மேசையில்தான் உட்கார்ந்திருந்தான். அவன் வாயை அடைத்து வைத்திருந்தவள் நான்.

கிண்டலை என்னால் விட முடியவில்லை, பிறவிக் குணம். வெள்ளிக்கிழமை பெருக்குவதையும் விடவில்லை. ஆனால் ஓய்வு பெறுகிறவரை ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறாமல், எதையும் நீக்குவதற்கு முன்னால் செந்திலின் மேசைக்குப் போய், “சொல்லாம வுட்டது எதாவது இருக்குதாப்பா?” என்று கேட்டேன். பல நாள் இல்லை என்பான். “இருக்குதுக்கா, உக்காருங்க” என்று அவன் சொன்ன நாள்களில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவன் முடிக்கிறவரை வாயைத் திறக்காமல் கேட்டேன்.